செவியில் எழுதப்படாத சூத்திரம்



மும்மணிகளை வணங்கி இவ்வுரையைத் தொடங்குகின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஜப்பான் தேயத்துப் பழைய இசையும், அதனோடு கூட்டிப் பாடப்படும் கதையும் ஆகும். சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அத்தகைய கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவை அன்பர்கள் கூடியிருந்து கேட்டனர். கேட்டு முடிந்ததும் இரண்டு வினாக்கள் எழுந்தன. முதியவரான உபாசகர் ஒருவர், "உபோசத நாளில் ஆடலும் பாடலும் வாத்தியமும் விலக்குக என்று சீலம் கூறுகின்றதே, தம்ம சபையில் இசைக்கு இடம் உண்டா?" என்றார். இளைஞர் ஒருவரோ கதையின் பொருளைக் கேட்டறிந்தபின், "செருக்குற்ற குலம் ஒன்று கடலில் மூழ்கி அழிந்தது. நம்மைத் தாழ்த்தியவர்கள் வீழும்போது நாம் ஏன் மகிழக்கூடாது?" என்று வினவினார். முன்னைய வினா எளிது. பின்னைய வினா அரிது. இரண்டிற்கும் நம்மால் இயன்ற விடையைக் கூறுவோம்.

முதல் வினாவிற்கு விடை யாதெனில், எண்சீலம் காக்கும் நாளில் மனத்தை அலைக்கும் கேளிக்கையை விலக்கல் வேண்டும் என்பது மெய். இல்லறத்தார் நாடோறும் காக்கும் பஞ்சசீலத்தில் இசைக்கு விலக்கு இல்லை. பஞ்சசிகன் என்னும் கந்தர்வன் யாழ் மீட்டிப் பாடியபோது, நரம்பின் ஒலியும் மிடற்றின் ஒலியும் ஒன்றையொன்று மீறாமல் இசைந்தன என்று பகவான் பாராட்டினார் எனச் சக்கன் வினாவிய சூத்திரம் கூறுகின்றது. கடுந்தவத்தால் கால் புண்ணாகிச் சோர்ந்த சோணர் என்னும் பிக்குவுக்கு, நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் யாழ் இசையாது என்பதைக் கொண்டே நடுவழி உணர்த்தப்பட்டது. தேரர்களும் தேரிகளும் தாம் பெற்ற விடுதலையைப் பாட்டாகவே வைத்துச் சென்றனர். அவர்களுள் குப்பை கூட்டி வாழ்ந்த சுனீதரும் ஒருவர். ஆதலின், இவ்விசை நம்மை எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இனி அக்கச்சேரிக்கு வருவோம். முதலில் ஒலித்தது ஷகுஹாச்சி என்னும் மூங்கிற்குழல். ஒரு முழத்திற்குச் சற்று மிகுந்த நீளமும், முன்னே நான்கும் பின்னே ஒன்றுமாக ஐந்து துளைகளும் உடையது. தலை முழுதும் மறையும்படி கூடை போன்ற தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்த ஃபுகே என்னும் சென் பிரிவினர் இதனை ஊதி வந்தனர். ஊதுவதையே தியானமாகக் கொண்டவர்கள் அவர்கள். அக்குழலிசையில் தாளம் இல்லை, மூச்சே அளவு. ஒரு மூச்சு தோன்றி, தடித்து, மெலிந்து, அடங்கும். பின் ஒரு மௌனம். பின் அடுத்த மூச்சு. ஆனாபானசதி பயிலும் உபாசகர் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. 1871-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் அப்பிரிவைக் கலைத்தது. குழல் மட்டும் பிழைத்தது.

அடுத்து ஒலித்தது கோதோ. இது பதின்மூன்று நரம்புகளைக் கொண்டு தரையில் கிடத்தி மீட்டப்படுவது. இதன் இசையைத் திருத்தி வளர்த்தவர் யத்சுஹாஷி கெங்யோ என்பவர், 1614 முதல் 1685 வரை வாழ்ந்தவர், கண்பார்வை அற்றவர்.

மூன்றாவதாக ஒலித்ததே கதைப்பாட்டு. பாடகர் ஒருவர் மண்டியிட்டு அமர்ந்து, பிவா என்னும் நரம்புக் கருவியைத் தாங்கி, விசிறி போன்ற மரத் தகட்டினால் நரம்பைத் தட்டுகின்றார். பாடும்போது பெரும்பாலும் கருவி மௌனம். பாட்டு நின்றவிடத்தில் கருவி பேசும். நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லும் இடத்திற்கு ஒரு நடை, போர்க்களத்திற்கு விரைந்த நடை, துயரமும் அழகும் மிகுந்த இடத்திற்கு உயர்ந்து இழையும் நடை என்று மரபு வகுத்திருக்கின்றது. பாடுபவர் அழுவதில்லை, கையை வீசுவதில்லை, முகத்தால் நடிப்பதில்லை. கேட்பவர் உள்ளமே களமாகின்றது.

இக்கருவி ஜப்பானில் பிறந்ததன்று. மேற்கே பாரசீகத்திலிருந்தும், நம் இந்திய தேசத்திலிருந்தும், பட்டுச் சாலையின் வழியே சீனம் சென்று, அங்கிருந்து கடல் கடந்து ஜப்பானை அடைந்த கருவிக் குடும்பம் அது. நாரா நகரத்து ஷோசோயின் என்னும் பண்டசாலையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து நரம்புப் பிவா ஒன்று இன்றும் காக்கப்படுகின்றது. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து பிவா வாசிக்கும் மனிதனின் உருவம் அதில் முத்துச் சிப்பியால் இழைக்கப்பட்டிருக்கின்றது. வந்த வழியைக் கருவியே தன் மார்பில் எழுதி வைத்திருக்கின்றது போலும்!

கருவி சென்ற வழியில் மனிதரும் சென்றனர். தென்னிந்தியராகிய போதிசேனர் என்னும் பிக்கு 736-ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்தார். 752-ஆம் ஆண்டில் நாரா நகரத்து தோதாய்ஜி விகாரையில் வெண்கலத்தாலான மகா புத்தருக்குக் கண் திறக்கும் விழா நடந்தபோது, தூரிகை ஏந்திக் கண்ணெழுதியவர் அவரே. அத்தூரிகையில் நீண்ட கயிற்றைக் கட்டி, கூடியிருந்தோர் அதனைப் பற்றிக்கொண்டு அப்புண்ணியத்தில் பங்கு பெற்றனர் என்பர். அவருடன் சென்ற சம்பா தேயத்துப் பிக்கு புத்தெத்சு என்பவர் தம் நாட்டு ஆடலையும் இசையையும் அங்கே கற்பித்தார். தம்மமும் இசையும் ஒரே மரக்கலத்தில் சென்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்கருவியை வாங்கிக் கதை பாடியவர்கள் யாவர்? கண்ணொளியற்ற ஏழைகள். தலையை மழித்து, துறவியர் உடை தரித்து, ஊர் ஊராக நடந்து, வீட்டு வாயிலிலும் பாலத்தடியிலும் கோயில் முற்றத்திலும் பாடி, இட்டதை உண்டவர்கள். அவர்களைப் பிவா ஹோஷி, அதாவது பிவாத் துறவி என்றழைத்தனர். கற்றோர் சபையில் அவர்களுக்கு உயர்ந்த ஆசனம் இல்லை. ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி ஜப்பானிய மக்களின் உள்ளத்தில் அநித்தியம் என்னும் தம்ம உண்மையைப் பதித்தவர்கள் அவர்களே. ஏட்டைப் படிக்க இயலாதவர்கள் பெருங்கதை முழுவதையும் மனத்தில் சுமந்தனர். அவர்களுள் தலைசிறந்த அகாஷி ககுயிச்சி என்னும் அந்தகர், 1371-ஆம் ஆண்டில் தாம் மறைவதற்குச் சற்று முன்னர், பின்னோர் வழக்காடாதிருக்கும் பொருட்டுக் கதை முழுவதையும் வாயால் சொல்லி எழுதுவித்தார். இன்று பெரும்பாலோர் படிக்கும் "ஹெய்கே மொனோகதாரி" அவர் சொன்ன பாடமே. பார்வையற்றோர் தமக்கெனச் சங்கம் அமைத்துப் பட்டங்களும் படிகளும் வகுத்து, 1871-ஆம் ஆண்டில் அரசு கலைக்கும் வரை அதனை நடத்தினர்.

பெண்களும் இத்தொழிலில் இருந்தனர். கோஸெ எனப்பட்ட கண்ணொளியற்ற பாடகியர் ஷாமிசென் என்னும் மூன்று நரம்புக் கருவியை ஏந்தி, முன் செல்பவளின் மூட்டையில் பின் செல்பவள் கைவைத்தபடி வரிசையாகப் பனிப் பாதையில் நடந்து பாடினர். அவர்களுள் கடைசியானவர் என்று போற்றப்பட்ட கொபயாஷி ஹரு அம்மையார் 1900-இல் பிறந்து 2005-இல் தம் நூற்றைந்தாம் வயதில் மறைந்தார். முன்னவள் தோளில் உள்ள மூட்டையே பின்னவளுக்கு வழி. சங்கம் என்பதற்கு இதைவிட நல்ல உவமை நாம் கண்டதில்லை.

இனிக் கதையைக் கேளுங்கள். கதை மணியோசையில் தொடங்குகின்றது. எந்த மணி? சிராவஸ்தியில் அநாதபிண்டிகர் பகவானுக்கு அளித்த ஜேதவன விகாரையின் மணி! நோயுற்ற பிக்குகள் இறுதி நாளைக் கழித்த மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் மணிகள் இருந்து, நிலையாமையை ஒலித்தன என்பது கீழ்நாட்டுப் பௌத்தரின் மரபு. அடுத்துச் சொல்லப்படுவது குசிநகரத்துச் சால மரத்தின் மலர். பரிநிர்வாணத்தின்போது வெளுத்த மலர் அது. ஜப்பானின் குளிரில் சால மரம் நன்கு வளராது. ஆதலின் அந்நாட்டார் கோடையில் பூத்து ஒரே நாளில் உதிரும் வெண்மலர் மரம் ஒன்றைக் கோயில்களில் வைத்து, அதனையே சால மரம் என்றழைத்து வருகின்றனர். நம் மண்ணின் மணியை நாம் மறந்திருந்த நூற்றாண்டுகளில், அதனைக் கண்ணாலும் காதாலும் அறியாத அயலார் தம் பாட்டின் முதலடியில் வைத்துக் காத்தனர்.

தைரா என்னும் குலம், ஹெய்கே என்றும் பெயருடையது. அதன் தலைவர் கியோமோரி 1167-ஆம் ஆண்டில் நாட்டின் தலைமை அமைச்சரானார். பதவிகள் அனைத்தும் அவர் உறவினர்க்கே சென்றன. அக்குலத்தார் ஒருவர், தம் குலத்திற்குப் புறம்பானவரை மனித இனத்திலேயே சேர்க்க மறுத்துப் பேசியதாகக் கதை கூறும். சகோதரர்களே, இப்பேச்சு நமக்குப் பழக்கமானதன்றோ? கடலுக்கப்பால் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டதாயினும், நம் தெருவில் கேட்டது போலவே இருக்கின்றது. 1180-ஆம் ஆண்டில் தம் மகள் தோகுகோவின் குழந்தையை, இரண்டு வயதும் நிறையாத அந்தோகுவை, அரியணையில் ஏற்றினார் கியோமோரி. அவ்வாண்டே மினமோட்டோ குலத்தார் எதிர்த்தெழுந்தனர். 1181-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கியோமோரியின் மகன் ஷிகெஹிராவின் சேனை நாரா நகரத்தைத் தாக்கியபோது, தோதாய்ஜி விகாரை தீக்கிரையாயிற்று. போதிசேனர் கண் திறந்த மகா புத்தர் உருவம் வெப்பத்தில் உருகியது. சில வாரங்களில் கியோமோரி கொடுங்காய்ச்சலால் மாண்டார். 1185-ஆம் ஆண்டில் தன்-நோ-உரா என்னும் கடற்கணவாயில் இறுதிப் போர் நடந்தது. தோல்வி உறுதியானதும், பாட்டியார் ஆறு வயதுச் சிறுவனாகிய சக்கரவர்த்தியை அணைத்துக்கொண்டு அலையில் பாய்ந்தார்.

இங்கே நம் இளைஞரின் வினா எழுகின்றது. மனிதரை மனிதரல்லர் என்றவர்கள் அழிந்தனர், விகாரையைக் கொளுத்தியவர்கள் மூழ்கினர், மகிழ்ந்தால் என்ன?

பிவாப் பாடகர் அங்கே மகிழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். கியோமோரியின் குற்றங்களை அவர் மறைக்கவில்லை. ஒன்று விடாமல் பாடுகின்றார். ஆனால் சிறுவன் நீரில் மறையும் இடத்தில் குரல் தழைகின்றது. வென்றவர் நாட்டை ஆண்ட காலத்தில், வென்றவர் வாயிலிலும் நின்று, தோற்றவர்க்காகப் பாடப்பட்ட பாட்டு இது. மாண்டோர் அமைதியுறுவதற்காகவே பாடப்பட்டது என்பர்.

இதன் உட்பொருளை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று கதையின் நடுவில் உண்டு. 1184-ஆம் ஆண்டில் இச்சி-நோ-தானி என்னும் கடற்கரைப் போரில், மினமோட்டோ பக்கத்து வீரரான குமகாய் நவோசானே, படகை நோக்கிச் சென்ற பகைவன் ஒருவனை அழைத்து நிறுத்தி வீழ்த்தினார். தலைக்கவசத்தை நீக்கினார். அங்கே இருந்தது பதினாறு வயதுள்ள பிள்ளையின் முகம். தைரா குலத்து அத்சுமோரி. அன்று காலையில்தான் குமகாயின் மகன், ஏறக்குறைய அதே வயதினன், காயமுற்றிருந்தான். விட்டுவிட நினைத்தார், பின்னால் தம் சேனையே வந்து கொண்டிருந்தது, தாம் விட்டாலும் அவர்கள் கொல்வர். கண்ணீரோடு வாளை ஓங்கினார். பிறகு அப்பிள்ளையின் இடுப்பில் ஒரு குழலைக் கண்டார். விடியற்காலையில் பகைவர் பாசறையிலிருந்து காற்றில் வந்த இசை இக்குழலின் இசையே என்றறிந்தார். பின்னாளில் அவ்வீரர் ஹோனென் என்னும் அறவோரிடம் சென்று துறவு பூண்டார்.

அந்த ஹோனெனிடமே, சிறைப்பட்டு மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஷிகெஹிராவும் அறம் கேட்டார் என்று கதை கூறும். விகாரை எரியக் காரணமானவரும், அவர் குலத்துப் பிள்ளையைக் கொன்றவரும் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தனர். பகைவர் இருவர்க்கும் மருந்து ஒன்றே, நோய் ஒன்றாயிருந்தமையால்.

சகோதரர்களே, நாமும் ஆலையில் இருபது ஆண்டுகள் நின்று உழைத்தவர்கள். நூற்கதிர்களின் பக்கத்தில் மண்பானை ஒன்று இருந்தது. அதிலிருந்து நாம் மொண்டு குடிக்கக் கூடாது. மேஸ்திரி ஒருவர், நமக்கென்று ஒதுக்கிய தகரக் குவளையில் உயரத்திலிருந்து நீர் ஊற்றுவார். பின்னர் ஆலை மூடப்பட்டது. அவருக்கும் வேலை போயிற்று, நோயும் வந்தது. நாங்கள் நின்ற இலவச மருத்துவமனை வரிசையிலேயே அவரும் நின்றார். "அவனுக்கு வேண்டும்" என்றார் நம் தோழர் ஒருவர். இன்னொரு தோழர், நம்மைப் போலவே அத்தகரக் குவளையில் குடித்தவர், எழுந்து சென்று அவர் கையிலிருந்த சீட்டை வாங்கித் தாம் வரிசையில் நின்று, அவரை நிழலில் அமர்த்தினார். தண்ணீர்ப் போத்தலையும் கொடுத்தார். மேஸ்திரி அதனை வாயில் வைத்துக் குடித்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. இவ்விருவருள் தம்மத்தைக் கேட்டவர் யார் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

இதனைக் கேட்டு, கருணை என்றால் அநீதியை மறந்துவிடுதல் என்று எவரும் கொள்ளவேண்டா. தகரக் குவளை கொடியது. அன்றும் கொடியது, என்றும் கொடியது. பாடகர் கியோமோரியின் பிழையை மறைக்காதது போல நாமும் அதனை மறைக்கலாகாது. அநித்தியம் என்பதும், எல்லாம் தானே போகும், வாய்மூடிப் பொறுத்திரு என்னும் உபதேசம் அன்று. சாதி நிலையானது, பிறப்பிலேயே அமைந்தது, மாறாதது என்று பிறர் கூறினர். தோன்றியவை அனைத்தும் மறையும் என்றார் பகவான். ஆதலின் சாதியும் மறையும் தன்மையதே. அதனை மறையச் செய்யும் முயற்சி பயனுடையதே. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் தம்மத்தை ஏற்றது இந்நம்பிக்கையினால் அன்றோ? வீழ வேண்டியது மேட்டிமை, மனிதன் அல்லன். மேட்டிமை வீழும்போது மகிழுங்கள். மனிதன் வீழும்போது கை கொடுங்கள். இதுவே இளைஞருக்கு நம் விடை.

கதையின் முடிவையும் கூறுவோம். சிறுவனின் தாய் தோகுகோவும் கடலில் குதித்தார். பகைவர் படகினர் அவரை மீட்டனர். அவர் பிக்குணியாகி, கியோத்தோவிற்கு வடக்கே ஓஹாரா மலைச்சாரலில் ஜக்கோயின் என்னும் சிறு மடத்தில் வாழ்ந்தார். தம்மைக் காணவந்த முதிய சக்கரவர்த்தியிடம், ஆறு கதிகளையும் இந்த ஒரு பிறவியிலேயே கண்டுவிட்டதாக அவர் கூறினார். அரண்மனை வாழ்வு தேவலோகம், போர் அசுரலோகம், தன்-நோ-உராவின் ஓலம் நரகம். கடலில் படகிலே திரிந்தபோது சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இல்லை, அது பிரேதலோகம். நீர் கண்முன் இருந்தும் குடிக்க முடியாத துயரத்தை அரசியும் அறிந்தார், நாமும் அறிவோம். துக்கத்திற்குக் குலம் ஏது? ஜேதவனத்து மணியில் தொடங்கிய கதை, அவ்வம்மையாரின் மடத்து அந்தி மணியோசையில் அடங்குகின்றது.

மகா புத்தர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மக்களிடம் பொருள் திரட்டி உருவத்தைப் புதுப்பித்தனர். 1185-ஆம் ஆண்டிலேயே மீண்டும் கண் திறக்கும் விழா நடந்தது. அப்போது பண்டசாலையிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய தூரிகை, போதிசேனர் 752-இல் ஏந்திய அதே தூரிகை!

இன்னும் ஒரு சிறு கதை சொல்லி முடிப்போம். லாஃப்காடியோ ஹெர்ன் என்பவர் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் உலகறிந்த கதை அது. தன்-நோ-உராவின் அருகே ஒரு கோயிலில் ஹோயிச்சி என்னும் கண்ணற்ற பிவாப் பாடகர் இருந்தார். கடலில் மாண்ட ஹெய்கே குலத்து ஆவிகள் இரவுதோறும் அவரை அழைத்துச் சென்று பாடச் செய்தன. அவர் உயிருக்கு ஆபத்து என்றுணர்ந்த கோயில் குருவும் சீடரும், அவர் உடல் முழுதும் பிரஞ்ஞாபாரமித இருதய சூத்திரத்தை எழுதினர். அன்றிரவு ஆவி வந்தது. எழுத்து மூடிய உடல் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு செவிகள் மட்டும் தெரிந்தன. சீடர் அவற்றில் எழுத மறந்திருந்தார். ஆவி அச்செவிகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

இது பேய்க்கதைதான், பேயை நம்புக என்று நாம் சொல்ல வரவில்லை. இதில் நமக்கொரு பாடம் உண்டு. நாமும் உடல் முழுதும் தம்மத்தை எழுதிக்கொண்டவர்கள். பெயரை மாற்றினோம், வீட்டில் பகவானின் படத்தை மாட்டினோம், வாயிலில் கொடி கட்டினோம், வெள்ளாடை உடுத்தோம், சரணம் சொல்லும் நாவும் பழகிவிட்டது. செவியில் எழுதினோமா? மனைவி தன் களைப்பைச் சொல்லும்போது கேட்கின்றோமா? நமக்கும் கீழே என்று நாம் எண்ணும் சகோதரன், மலக்குழி இறங்குபவன், தன் வீட்டு மணத்திற்கு அழைக்கும்போது அவன் குரல் நம் செவியில் விழுகின்றதா? உட்சாதியைக் கேட்டுப் பெண் கொடுப்பவன் உடலெங்கும் சூத்திரம் எழுதியிருந்தாலும், அவன் செவி வெறுமையாகவே இருக்கின்றது. பழைய பேய் வந்து பற்றும் இடம் அதுவே. ஆலையின் இரைச்சலில் நின்றவர்கட்குக் காது மந்தமாவதை நாம் அறிவோம். மந்தமாவது தெரியாமலே மந்தமாகும். மனத்தின் செவியும் அவ்வாறே.

ஆகையால் இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். நாடோறும் கால்நாழிகை மௌனமாக அமர்ந்து, ஒரு மூச்சு தோன்றி அடங்குவதைக் கேளுங்கள். உங்களை வருத்திய ஒருவரின் துன்பத்தை, அவர் செய்த பிழையை மறவாமலே, நினைத்து மைத்திரி பாவனை செய்யுங்கள். மூன்றாவதாக, பிள்ளைகளுக்கு மணிமேகலையின் கதையைச் சொல்லுங்கள். பாடத் தெரிந்தவர் பாடிச் சொல்லுங்கள். நம் முன்னோர் பிறர் வீட்டுச் சாவுக்குக் கூலியின்றிப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர் என்பதனால், இசையே இழிவு என்று சிலர் ஒதுங்குகின்றனர். இழிவு கட்டாயத்தில் இருந்தது. தோலிலும் கோலிலும் இல்லை. வாயிலில் நின்று பாடிய கண்ணற்ற ஏழைகள் ஒரு தேசத்திற்கே அநித்தியத்தைக் கற்பித்தார்களெனில், நம் கையில் உள்ள இசை தம்மத்திற்கு ஏன் உதவாது?

எல்லா உயிர்களும் துன்பம் நீங்குக! பகைத்தவரும் பகைக்கப்பட்டவரும் அமைதி பெறுக! சர்வ மங்களம் உண்டாகுக!